ஒற்றைத் தும்மல்

பதினொரு வருடம் தும்மியே பிழைத்தவன் நான். மூக்கால் அல்ல, விரலால்.

திருநெல்வேலியில், குளிரூட்டிய ஒரு கூடத்தில், இருபத்திரண்டு பேர் இருபத்திரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். திரையில் தெரிவது போட்ஸ்வானாவில் வேலியடைத்த ஒரு காப்பகம். அதற்குள் ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள். கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று சாயத்தையும் யாரோ அள்ளித் தெளித்துவிட்டுப் போன மாதிரி உடம்பு. வட்டக் காது. உலகத்தில் மிஞ்சியிருப்பதே முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பட்டை இருக்கும், பட்டையில் மிளகளவுக்கு ஓர் ஒலிபெருக்கி. கம்பெனி அதற்கு வைத்த நீளப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ‘தும்மி’ என்று வைத்துக்கொண்டோம். இங்கே நான் விசையைத் தட்டினால் அங்கே ஒரு நாயின் கழுத்திலிருந்து தும்மல் கேட்கும். அந்த நாய் தும்மியிருக்காது. ஆனால் கூட்டத்தில் மற்ற நாய்களுக்கு அது எப்படித் தெரியும்? தன் கழுத்தில் கேட்ட தும்மலை எந்த நாயும் இதுவரை மறுத்ததில்லை.

இந்தத் தும்மலில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். செண்பகவல்லியும் வேலைக்குச் சேர்ந்த அன்று அதைத்தான் கேட்டாள். கோவில்பட்டிப் பெண், எங்களுக்கு வள்ளி. காது அப்படிக் கூர்மை. எந்த நாய் மூச்சு விட்டது என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

“அண்ணாச்சி, தும்முனா எப்படி வேட்டைக்குப் போவும்? எங்க வீட்ல யாராச்சும் தும்முனா காய் வாங்கக்கூடப் போமாட்டாவ.”

“அதுக வழி வேற. தூங்கி எந்திரிச்சதும் ஒண்ணோட ஒண்ணு மூஞ்சிய ஒரசும், வால ஆட்டும். பொறவு போலாம்னு நெனைக்கிறது தும்மும். தும்மல் போதுமான அளவுக்கு விழுந்திட்டா மொத்தக் கூட்டமும் கெளம்பிரும். விழலன்னா திரும்பப் படுத்துக்கிடும். ஓட்டுப் போடுத மாதிரின்னு வச்சிக்கயேன்.”

“போதுமான அளவுன்னா எத்தன?”

“யாரு மொதல்ல எந்திரிக்காவங்கிறதப் பொறுத்தது. தலைவனோ தலைவியோ எந்திரிச்சா மூணு போதும். கடைசில கெடக்கிறது எந்திரிச்சா பத்து வேணும்.”

வள்ளி சிரித்தாள். “அங்கயும் அப்படித்தானா?”

ஆரம்பத்தில் இது நல்ல காரியமாகத்தான் இருந்தது. வேலிக்கு வெளியே மாடு மேய்கிற நேரத்தில் நாய்கள் வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனால் விஷம் வைத்துக் கொன்றுவிடுவார்கள். மாடு இல்லாத நேரத்தில் நாலு தும்மல் போட்டுக் கிளப்பிவிட்டால் நாயும் பிழைக்கும், மாடும் பிழைக்கும். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். வேட்டை எப்போது நடக்கும் என்று தெரியாமல் நாள் கணக்கில் காத்துக் கிடக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. காலை ஏழு மணிக்கு ஒரு வேட்டை, மாலை நாலு மணிக்கு ஒரு வேட்டை என்று கம்பெனி பலகை எழுதி மாட்டியது. பசிக்கு ஓடிக்கொண்டிருந்த பிராணி பலகைக்கு ஓடத் தொடங்கியது. ஓட்டியவர்கள் நாங்கள்.

வள்ளியின் பொறுப்பில் ஏழாம் கூட்டம். எட்டு பெரிய நாய்கள், ஏழு குட்டிகள், பாக்கியம். தலைவிக்குப் ‘பெரியவள்’ என்று பெயர். பாக்கியம் பின்னங்கால் முறிந்து நொண்டியான கிழட்டுப் பெட்டை. மூன்று வருடமாக ஒரு வேட்டைக்கும் போனதில்லை. ஒரு நாளும் பட்டினி கிடந்ததும் இல்லை. வேட்டை முடிந்து வருகிற நாய்கள் நேரே குட்டிகளிடம் போய்த் தின்றதைக் கக்கும். அடுத்து குட்டிகளுக்குக் காவல் இருந்தவளுக்கு. அடுத்து பாக்கியத்துக்கு. எந்தச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறதோ, ஒரு நாள் தப்பாது. “இதப் பாத்திட்டு வீட்டுக்குப் போனா மனுசங்க மேல எரிச்சலா வருது அண்ணாச்சி” என்பாள் வள்ளி. நான் பதில் சொல்ல மாட்டேன். வயதில் மூத்தவன் பதில் சொல்லாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு கூத்து நடந்தது. மூன்றாம் கூட்டம் பார்க்கிற பால்பாண்டிக்குச் சளி. அங்கே உள்ளவர்களோடு பேசுகிற மைக்கை மூடாமல் அவன் அடுக்காக எட்டுத் தும்மல் போட, இயந்திரம் அதையும் கணக்கில் எடுத்து அனுப்பிவிட, உச்சி வெயிலில் மூன்றாம் கூட்டம் வேட்டைக்குக் கிளம்பிவிட்டது. மேலாளர் ரூபன் கூப்பிட்டு அவனைக் காய்ச்சி எடுத்தார். பிறகு, மனிதத் தும்மலை இயந்திரம் அடையாளம் கண்டு தள்ளிவிட வேண்டும் என்று இருபத்திரண்டு பேரிடமும் ஆளுக்கு ஐந்து தும்மல் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவுக்கு மேற்பார்வை நான். மூக்குப்பொடி டப்பாவோடு ஒவ்வொருவராக உட்காரவைத்தேன். கூடமே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டது. என்னுடைய நாலாவது தும்மலில் பொடி மேலே ஏறி, கடைசியில் ரயில் ஊதுகிற மாதிரி ஒரு விசில் வந்துவிட்டது. “இத மட்டும் அழிச்சிராதீய” என்று வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது ரூபன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சென்னைக்காரர். என்னை விட இருபது வயது சின்னவர்.

“அண்ணாச்சி, உங்க ஊர்ல யாராவது தும்மினா வெளிய கிளம்ப மாட்டாங்களாமே? நிஜமாவா?”

நம்மிடம் ஒருவர் நம் ஊர் வழக்கத்தைக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா. விஸ்தாரமாக எடுத்துவிட்டேன்.

“ஒத்தத் தும்மல்தான் சார் ஆகாது. ரெட்டைன்னா நல்லது. ஒத்தையா விழுந்திட்டா, கெளம்புனவன் அப்படியே உக்காந்து ரெண்டு மடக்குத் தண்ணி குடிக்கணும். பொறவு போலாம்.”

“யார் தும்மினாலும் இப்படித்தானா?”

“சின்னப் பயலுவ தும்முனா யாரு கண்டுக்கிடுதா? பெரியவங்க தும்முனாத்தான்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்த வருடம் அங்கே மழை பொய்த்துப் போனது. மான்கள் வேலியின் வடக்கு மூலைக்கு ஒதுங்கிவிட்டன. நாய்கள் ஓட வேண்டிய தூரம் மூன்று மடங்கானது. ஏழாம் கூட்டத்தின் விலா எலும்பை எண்ணிவிடலாம். அங்கே தரையில் நாய்களின் தடம் பார்க்கிறவள் கெபில்வே. அவள் தன் மொழியில் பேசுவாள், இயந்திரம் அதைத் தமிழாக்கிக் கொடுக்கும். அதற்குப் புத்தகத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

“இவை களைத்துவிட்டன. மூன்று நாள்கள் இவற்றைத் தம் விருப்பப்படி விடுங்கள். நான் உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்” என்றது கெபில்வேயின் தமிழ்க்குரல். மன்றாடுகிற சுருதியே அதில் இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது.

ரூபன் முடியாது என்றார். மறுநாள் காலை ஏழு மணி வேட்டைக்கு வள்ளி விசையைத் தொடவே இல்லை. பெரியவள் எழுந்தாள், சோம்பல் முறித்தாள், ஒரே ஒரு நாய் தும்மியது. சொந்தத் தும்மல். அது போதவில்லை. கூட்டம் திரும்பப் படுத்துக்கொண்டது. நாலு வண்டி நிறையச் சுற்றுலாக்காரர்கள் தூங்குகிற நாய்களைப் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். மாலையும் அதே கதை. வியாழக்கிழமை காலையிலும் அப்படியே நடந்ததும் வள்ளியின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் விட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் குசுகுசுவென்று பேச்சு. நாளை காலை வேட்டை நேரத்தில் எல்லோரும் எழுந்து வெளியே போய்விடுவது. வள்ளியைத் திரும்பச் சேர்த்து, நாய்களுக்கு மூன்று நாள் ஓய்வு தந்தால்தான் உள்ளே வருவது. ஏழு கூட்டமும் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டால் கம்பெனி என்ன செய்யும்? வழிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

“அங்க ஏழு மணின்னா இங்க பத்தர” என்றான் பால்பாண்டி. “நாளைக்கி வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிரும். பத்தே காலுக்கெல்லாம் எந்திரிச்சிரணும்.”

யாரும் சிரிக்கவில்லை. அது நியாயமாகத்தான் பட்டது.

வள்ளி எனக்குப் போன் செய்தாள். “அண்ணாச்சி, நீங்க மொதல்ல எந்திரிச்சா மூணு பேரு போதும். மத்தவங்க தன்னால வருவாவ. கடைசி வரிசைல இருக்க இசக்கி எந்திரிச்சா பத்து பேரத் தேடணும். நீங்க எந்திரிப்பீயள்ளா?”

“எந்திரிக்கேன்” என்றேன்.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. இந்த வேலையை விட்டால் எனக்குத் தெரிந்த வேறு தொழில் கிடையாது. நாய்க்குத் தும்மத் தெரியும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆனாலும் எந்திரிக்கேன் என்று சொன்னேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பத்தே காலுக்கு எழுந்தேன். இதை யாரும் மறுக்க முடியாது. காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடியது. பால்பாண்டி எழுந்தான். இசக்கியம்மாள் எழுந்தாள். போனில் வள்ளியை இணைப்பில் வைத்து, அதைக் கையிலேயே பிடித்திருந்தாள். வள்ளி சொன்ன கணக்குத் தப்பவில்லை. மூன்றாவது ஆள் எழுந்ததும் நாற்காலிகள் மடமடவென்று பின்னால் நகர்ந்தன. கதவுக்கும் எங்களுக்கும் ஆறு எட்டு வைக்கிற தூரம்தான்.

அப்போது ஒரு தும்மல் கேட்டது.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“அட கெரகமே” என்றான் பால்பாண்டி. “ஒத்தத் தும்மல்.”

“இன்னொண்ணு தும்முங்க அண்ணாச்சி” என்றாள் இசக்கி. “ரெட்டையாயிட்டா பரவால்ல.”

“வரல” என்றேன்.

“சரி, உக்காந்து ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புவோம். என்ன இப்பம், ரெண்டு நிமிசம்.”

உட்கார்ந்தோம். கூடத்தில் தண்ணீர் கேன் ஒன்றுதான். காகிதக் கோப்பை ஆறேழுதான் இருந்தது. ஒருவர் குடித்து அடுத்தவரிடம் கொடுக்க, இன்னொருவருக்குப் புரையேற, யாரோ முதுகில் தட்ட, இருபத்தொரு பேரும் குடித்து முடிக்கும்போது சுவர்க்கடிகாரத்தில் பத்து முப்பத்தொன்று.

“ராகுகாலம் வந்திட்டுல்லா” என்றது ஒரு குரல். அந்தக் குரலில் பயம் இல்லை, ஒரு சௌகரியம் இருந்தது. “பன்னெண்டுக்கு மேல பாப்போம்” என்றது இன்னொன்று.

ரூபன் உள்ளே வந்தார். எதுவுமே தெரியாதவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். “ஏழாம் கூட்டத்துக்கு ஆள் இல்லையே. அண்ணாச்சி, நீங்க உக்காருங்களேன்.”

வள்ளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாய்கள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன. மூன்று தும்மல் போட்டேன். பெரியவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாய்த்துக்கொண்டாள். மேலும் போட்டேன். போதவில்லை என்று, நடக்கவே முடியாத பாக்கியத்தின் கழுத்திலிருந்தும் ஒரு தும்மலை வாங்கினேன். பதினொன்றாவது தும்மலுக்குக் கூட்டம் எழுந்தது. வண்டிகள் பின்னால் புறப்பட்டன. பன்னிரண்டு மணிக்கு மேல் யாரும் எதையும் பார்க்கவில்லை.

அன்று அவை வடக்கு மூலை வரை ஓடி ஒரு மானை மடக்கின. நாலு வாய் தின்பதற்குள் கழுதைப்புலிகள் வந்து பறித்துக்கொண்டன. திரும்பி வந்த நாய்களின் வாயைக் குட்டிகள் முட்டி முட்டிக் கெஞ்சின. கக்குவதற்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. மாலை நாலு மணிக்கு மறுபடியும் கிளப்பினேன். மூன்று வாரத்தில் ஏழு குட்டிகளில் நாலு செத்தன. பெரியவள் ஓட்டத்தின் நடுவில் விழுந்தாள், எழவில்லை. “தலைவி இறந்துவிட்டாள். நான் வருந்துகிறேன்” என்றது கெபில்வேயின் தமிழ்க்குரல். இயந்திரம் அதற்கு முன்னால் ஒரு நிமிடம் எதையும் மொழிபெயர்க்காமல் இருந்தது. அவள் அழுதிருக்க வேண்டும். அழுகைக்கு அதனிடம் தமிழ் இல்லை.

அந்த மூன்று வாரத்திலும் பாக்கியத்துக்குச் சாப்பாடு வந்தது. தம் வயிறு ஒட்டிக் கிடந்தபோதும், கிடைத்த அன்று அதற்கு ஒரு பங்கு கக்கிவிட்டுத்தான் நாய்கள் படுத்தன. நான் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, வெட்கமாகவும் இருந்தது.

கூடத்தில் முதுகுக்குப் பின்னால் என்னைத் ‘தும்மல் அண்ணாச்சி’ என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒன்றிரண்டு பேர் என்னோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆனால் மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். பாவம், அவராகவா வேண்டுமென்று தும்மினார், மூக்கு செய்த காரியத்துக்கு மனுஷன் என்ன செய்வான் என்றார்கள். அந்தப் பரிதாபத்தைப் போர்த்திக்கொண்டு மூன்று மாதம் வேலைக்குப் போய் வந்தேன்.

நேற்று வள்ளி போன் செய்தாள். ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாளாம், நாள் முழுக்க நின்றுகொண்டே. எதிரில் உள்ள தேநீர்க்கடைக்கு வரச் சொன்னாள். போனேன். இளைத்திருந்தாள். உட்கார்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, என்ன மன்னிச்சிருங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மூணு மாசமா உங்களத்தான் வைதுக்கிட்டுக் கெடந்தேன். கடேசி நேரத்துல இவருக்கா தும்மல் வரணும்னு. அன்னைக்கி இசக்கி என்னை லைன்ல வச்சிருந்தால்லா? என் போன்ல எல்லாக் காலும் பதிவாயிரும். முந்தாநேத்துதான் கேக்க மனசு வந்திச்சு. கேளுங்க.”

போனை என் காதில் வைத்தாள். நாற்காலிகள் நகருகிற சத்தம். காலடி. தும்மல். அதன் கடைசியில், ரயில் ஊதுகிற மாதிரி ஒரு விசில்.

“நாலாம் நம்பர்” என்றாள் வள்ளி. “மூக்குப்பொடி ஏறுனது. அது உங்க மூக்குலருந்து வரல அண்ணாச்சி. ரூபன் கூடத்து ஸ்பீக்கர்லருந்து போட்டிருக்கான். நம்ம சகுனத்த யாரோ அவன்ட்ட சொல்லிக் குடுத்திருக்காவ. நாயிக்குப் பண்ணுததயே நமக்கும் பண்ணிட்டான். உங்களுக்கு எவ்வளவு பெரிய பழி! பாவம், மூணு மாசம் வாயத் தெறக்காம சொமந்திருக்கீய.”

தேநீர் வந்தது. நான் குடிக்கத் தொடங்கினேன்.

“நாளைக்கி எல்லாரையும் வரச் சொல்லிருக்கேன். இதப் போட்டுக் காட்டப் போறேன். நீங்க தும்மலன்னு தெரிஞ்சிட்டா போதும், இன்னொரு வாட்டி எந்திரிப்பாவ. இந்தத் தடவ நீங்கதான் மொதல்ல எந்திரிக்கணும்.”

என்ன தெளிவு முகத்தில். அவள் மறுபடியும் பதிவை ஓடவிட்டாள். தன் காதிலேயே வைத்துக்கொண்டாள். விசில் தாண்டி ஓடியது. பால்பாண்டியின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது. பிறகு இசக்கியின் குரல். பிறகு என் குரல்.

வள்ளி நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டாள். அவள் காது அப்படி என்று முதலிலேயே சொன்னேன்.

போனை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“இன்னொண்ணு தும்முங்கன்னு அவ கேக்கா. நீங்க ‘வரல’ன்னு சொல்லுதீய” என்றாள். “மொதத் தும்மலே தும்மாத ஆளுக்கு, ரெண்டாவது வரலன்னு எப்படி அண்ணாச்சி சொல்ல வரும்?”

தன் கழுத்தில் கேட்டது தன் தும்மல் இல்லை என்று நாய்க்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது. விசில் கேட்ட அந்த நொடியிலேயே தெரிந்தது. ஸ்பீக்கர் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. நான் தும்மவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கதவு ஆறு எட்டில் இருந்தது. ஆனால் அந்தத் தும்மலைக் கேட்டதும் என் முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. கைக்குட்டையை எடுத்தேன்.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் வள்ளி.

வாயைத் திறந்தேன். வரவில்லை.